பளபளக்கும் பித்தளை பொய் சொல்லும்

கொரோனா நாட்களில் கடை வாசலில் நம் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே ஒரு துப்பாக்கி, நினைவிருக்கும். அதன் அண்ணன்தான் பட்டறைகளில் உள்ள இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர். தொடாமலே சூட்டைச் சொல்லும். நல்ல கருவிதான். ஆனால் பளபளக்கும் பித்தளையிடம் அதன் பேச்சை நம்பக்கூடாது என்பது என் கட்சி.

அமெரிக்காவில் துப்பாக்கி சுடுவோர் பலர், சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை வீசுவதில்லை. மருந்து நிரப்பி மறுபடியும் பயன்படுத்துவார்கள். சுடச் சுடக் கூட்டின் கழுத்து இறுகி, கடைசியில் கீறல் விடும். கழுத்தை மட்டும் அளவாகச் சூடேற்றி இளக்கினால் ஆயுள் நீளும். அடிப்பாகம் இளகிவிட்டாலோ ஆபத்து. வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்குவது அதுதான். சூட்டின் கணக்குத் தப்பினால் கண்ணும் முகமும் போகும்.

இந்தச் சங்கதிக்கு நம் நாட்டுத் தொடர்பும் உண்டு. பிரிட்டிஷ் ராணுவம் இங்கே மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக் கூடுகள் தாமாகவே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்து அம்மோனியா, ஈரம், பித்தளைக்குள் தங்கிய இறுக்கம் மூன்றும் சேர்ந்து செய்த வேலை என்று 1921இல் விளக்கினார்கள். அளவாகச் சூடேற்றி இறுக்கத்தைப் போக்குவதே அதற்கு மருந்து.

சரி, கருவி ஏன் ஏமாறுகிறது? அது அளப்பது பொருளிலிருந்து வரும் வெப்பக் கதிரை. நம் தோல் வெளிவிடக்கூடிய கதிரில் 100க்கு 95 பங்குக்கு மேல் விட்டுவிடும். மெருகேற்றிய பித்தளை 10 பங்குகூட விடுவதில்லை. மிச்சமெல்லாம் எதிரே உள்ளவற்றின் பிரதிபலிப்பு. மலிவான கருவிகளோ 95 பங்கு என்றே கணக்குப் போடும். கழுத்தைவிடப் பெரிய வட்டத்தையும் பார்க்கும். பிறகு உண்மை எப்படி வரும்?

‘அந்தக் கணக்கை மாற்றி வைக்கும் கருவியும் உண்டே’ என்பீர்கள். உண்டு. ஆனால் சூடேறும்போதே பித்தளை கறுக்கிறது, கதிர்ப் பங்கும் மாறுகிறது. எந்த எண்ணை வைப்பது? குறிப்பிட்ட சூட்டில் உருகும் பூச்சைத் தடவிப் பார்ப்பதே மேல். அது பழைய முறை, ஆனால் பளபளப்பைக் கண்டு மயங்காது.

நமக்குத் தோட்டா எதற்கு? அடுப்படிக்கு வாருங்கள். கொதிநீர் நிறைந்த, நன்றாகத் தேய்த்த பித்தளைச் சொம்பை அந்தக் கருவி 40 டிகிரி என்று காட்டக்கூடும். பேரன் தொட்டால் கை வெந்துவிடும். எவர்சில்வருக்கும் இதே கதைதான். அளக்க வேண்டுமானால் பாத்திரத்தின் வெளிப்புறத்தை விட்டு, உள்ளே இருக்கும் தண்ணீரையோ எண்ணெயையோ மேலிருந்து குறிபாருங்கள். ஆவி மறைக்காமல் இருந்தால் ஓரளவு சரியாகச் சொல்லும்.

திரையில் புள்ளி வைத்து ஒரு எண் தெரிந்தால் நாம் உடனே பணிந்துவிடுகிறோம். எதை, எப்படி அளந்தாய் என்று கருவியையும் ஒரு கேள்வி கேட்கலாம், தப்பில்லை.