கந்தீசாவோடு நின்றிருக்க வேண்டுமா?

இந்தியன் ஓஷன் இசைக்குழுவைப் பற்றிப் பேச்செழும் இடங்களிலெல்லாம் ஒரு தீர்ப்பு தயாராகக் காத்திருக்கிறது. 'கந்தீசா'வோடு அவர்கள் முடிந்துவிட்டார்கள். அதன்பின் செய்த பரிசோதனைகள் அந்தக் குழுவைக் கெடுத்துவிட்டன என்பதே அது. பல்கலைக்கழக விடுதி அறைகளில் அத்தொகுப்பைக் கேட்டு வளர்ந்து, இன்று விரிவுரையாளர்களாக இருப்போர் இதை மிகுந்த உறுதியோடு சொல்கிறார்கள். சொல்வோரின் இசையறிவைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் கந்தீசா எப்படி உண்டானது என்பதை இத்தீர்ப்பு மறந்துவிடுகிறது.

கிட்டார் கலைஞர் சுஷ்மித் சென்னும், தபலா வாசித்துக்கொண்டே பாடும் அரிய திறன் கொண்ட அஷீம் சக்ரவர்த்தியும் 1990இல் தில்லியில் தொடங்கிய குழு இது. 1997இல் வெளிவந்த 'டெசர்ட் ரெய்ன்', சஃப்தர் ஹஷ்மி நினைவு நிகழ்ச்சி ஒன்றின் நேரடிப் பதிவு. கருவியிசையே அதில் மேலோங்கி நின்றது. மூன்றாண்டுகள் கழித்து வந்த 'கந்தீசா'வில் நர்மதைக் கரையின் நாட்டுப்பாடல் இருந்தது. கோரக் பாண்டேயின் போஜ்புரிப் போராட்டப் பாடல் இருந்தது. கேரளத்துச் சிரியன் கிறித்தவர்களின் வழிபாட்டுப் பாடலும் இருந்தது. தில்லியின் ராக் குழு ஒன்று, கேட்போரில் பெரும்பாலோர்க்கு ஒரு சொல்லும் விளங்காத சிரியாக் மொழியில் பாடியதைவிடத் துணிச்சலான பரிசோதனை வேறென்ன இருக்க முடியும்? டெசர்ட் ரெய்னை அளவுகோலாகக் கொண்ட ஒருவர், அன்றைக்கே 'இவர்கள் தடம் மாறிவிட்டார்கள்' என்று எழுதியிருக்கலாம். ஆக, குழுவின் 'அசல் ஒலி' என்று இரசிகர் காக்க நினைப்பது, அவர் முதலில் சந்திக்க நேர்ந்த பரிசோதனையைத்தான்.

அத்தொகுப்பின் பெயரே மாற்றத்தின் சுவட்டைத் தாங்கி நிற்கிறது. 'புனிதமான' என்று பொருள்படும் சிரியாக் சொல் 'கத்தீஷா'. அரபு மொழியின் 'குத்தூஸ்', எபிரேயத்தின் 'கதோஷ்' ஆகியவற்றோடு வேர் பகிர்ந்துகொள்வது. மலபார் வழிபாட்டு மரபில் அதன் இரட்டித்த தகரத்தின் இடத்தில் மெல்லின இணை வந்து 'கந்தீசா' ஆயிற்று. ஒலி மாறியதால் சொல்லின் புனிதம் போயிற்று என்று எந்தத் தேவாலயத்திலும் எவரும் வழக்காடவில்லை.

இரசனையின் இலக்கணத்தையும் இங்கே கவனிக்கலாம். தமிழில் 'எனக்குப் பிடிக்கவில்லை' என்கிறோம். இந்தியிலும் இவ்விடத்தில் 'முஜே' என்றே வரும். இரு மொழிகளிலும் இரசிப்பவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். பிடிப்பதும் பிடிக்காததும் அவர் செய்யும் செயல்கள் அல்ல, அவருக்கு நேர்பவை என்பதை மொழியே ஒப்புக்கொள்கிறது. 'குழு கெட்டுவிட்டது' என்னும்போது அந்த வேற்றுமை உருபு காணாமற்போகிறது. இரசிப்பவர் வாக்கியத்தைவிட்டு வெளியேறிவிட, குழு எழுவாயாகிக் குற்றம் சுமக்கிறது. முதல் வாக்கியத்துக்குச் சான்று தேவையில்லை. இரண்டாவதற்குக் கட்டாயம் தேவை. சமூக ஊடகங்களில் நடக்கும் இசை விவாதங்களில் பாதி, சான்றில்லாத இரண்டாம் வாக்கியங்களே. (ஆய்வேடுகளிலும் இவ்வழக்கம் உண்டு, அது வேறு கதை.)

மேலும், 'மாறாதிருங்கள்' என்று கேட்பவர் கேட்பது இயலாத ஒன்றை. 2009 டிசம்பரில் அஷீம் சக்ரவர்த்தி மறைந்தார். 2013இல் சுஷ்மித் சென் குழுவைவிட்டு விலகினார். தொடங்கியவர் இருவரும் இல்லை. எஞ்சியோர்முன் இருந்தவை இரண்டு வழிகள்: கலைந்துபோவது, அல்லது வேறொன்றாக வாழ்வது. இல்லாதவரின் குரலைப் போலச் செய்து பாடுவது மூன்றாம் வழியெனச் சிலர் கருதலாம். அதைவிடக் கலைந்துபோவதே மேல். ஹிமான்ஷு ஜோஷி, துஹீன் சக்ரவர்த்தி, நிகில் ராவ் ஆகியோர் வந்து சேர்ந்தபின் குழுவின் ஒலி மாறியதில் வியப்பில்லை. மாறாதிருந்தால்தான் ஐயுற வேண்டும்.

இதனால் எல்லாப் பரிசோதனையும் வாழ்க என்றாகிவிடாது. 2014இல் வந்த 'தண்டனு' தொகுப்பில் சுபா முத்கல், சங்கர் மகாதேவன், விஷ்வ மோகன் பட், செல்வகணேஷ் எனப் பெருங்கலைஞர்கள் விருந்தினராக வந்தார்கள். ஒவ்வொருவரும் தம் அளவில் ஒளிர்கிறார்கள். ஆனால் சில இடங்களில் குழுவே தன் பாடலில் பக்கவாத்தியமாகிவிடுகிறது. புதியவரைச் சேர்ப்பதால் பரப்பு கூடுகிறது. ஆழமும் கூடவே வரும் என்பதற்கு உறுதியில்லை. ஒரே இராகத்தை நாற்பதாண்டு பாடும் கயால் பாடகரை எவரும் தேங்கிப்போனவர் என்பதில்லை; அவர் செய்வதும் பரிசோதனைதான், வெளியே தெரியாத வகை. தண்டனுவின் குறை அது புதிதாக முயன்றது என்பதன்று, முயற்சியை விருந்தினரிடம் ஒப்படைத்தது என்பதே. இப்படிச் சொன்னால் மறுத்துப் பேசவாவது இடமிருக்கிறது.

அடுத்த ஆண்டே 'மசான்' திரைப்படம் வந்தது. அதற்கு இசையமைத்தது இதே குழு. விருந்தினர் திரள் இல்லை. வருண் குரோவரின் வரிகளும் அடங்கிய இசையும் இருந்தன. இன்று முதுகலை படிக்கும் பலருக்கு இந்தியன் ஓஷன் என்றால் அந்தப் படத்தின் பாடல்கள்தாம். அவர்கள் 'கந்தீசா'வைப் பின்னோக்கிச் சென்றே கண்டெடுக்கிறார்கள். சிலருக்கு அது நீளமாகவும், தொண்ணூறுகளின் வாடை வீசுவதாகவும் தோன்றுகிறது. மூத்தோர் காதுக்கு இது தெய்வ நிந்தனை. ஆனால் இளையோரும் தாம் முதலில் நுழைந்த வாசலையே வீடு என்கிறார்கள். 2023இல் வந்த 'தூ ஹை' தொகுப்பைக் கேட்டு, மசானின் எளிமை போய்விட்டதென அவர்களில் சிலர் குறைப்பட்டாலும் வியப்பதற்கில்லை.

மேடையில் குழு பழைய பாடல்களைக் கைவிட்டுவிடவில்லை. அவையின்றிக் கல்லூரி விழாக்கள் நிறைவதுமில்லை. ஆனால் அங்கே 'கந்தீசா'வை எடுத்துப் பாடும்போது, 2000ஆம் ஆண்டின் அந்தப் பதிவில் பங்கேற்றோரில் ராகுல் ராம், அமித் கிலம் இருவர் மட்டுமே மேடையில் இருக்கிறார்கள்.