ஆட்டம் பெரிதா, கதை பெரிதா?

விளையாட்டு விளையாட்டாக இருக்க வேண்டும். கதை வேண்டுமாயின் சினிமாவுக்குப் போகலாமே என்பது ஒரு கட்சி. மனத்தைத் தொடாத விளையாட்டு வெறும் விரற்பயிற்சியே என்பது மறு கட்சி. சென்ற கோடை விடுமுறையில் நம் இல்லத்தில் இவ்விரு கட்சிகளும் மோதின. வழக்காடியவர் இருவர்: ஊரிலிருந்து வந்திருந்த தமையனாரின் மகன், வயது 15, இங்கேயே பிறந்து வளர்ந்த நம் மகள், வயது 13. தீர்ப்புக் கூறும் பொறுப்பு நம் தலையில் விழுந்தது. அன்பர்களின் இல்லங்களிலும் இத்தகைய வழக்கு எழக்கூடுமாதலின், அதனை இங்கே எடுத்துரைக்கிறோம்.

வழக்குக்குரிய பொருள், 'பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்' என்னும் வீடியோ விளையாட்டு. சுவீடன் நாட்டின் ஸ்டார்பிரீஸ் நிறுவனத்தார் உருவாக்க, 2013-இல் வெளிவந்தது. இதனை இயக்கிய ஜோசப் ஃபாரஸ் அடிப்படையில் சினிமாக்காரர். லெபனானில் பிறந்து, உள்நாட்டுப் போரின் காரணமாகச் சிறு வயதிலேயே குடும்பத்துடன் சுவீடனுக்குக் குடிபெயர்ந்தவர். அவ்வாறு குடிபெயர்ந்த ஒரு சிறுவனைப் பற்றி, 2005-இல் 'சோசோ' என்றொரு படமும் எடுத்தவர்.

கதை எளியது. தாய் கடலில் மூழ்கி இறந்துவிட்டாள். அதைக் கண்ணெதிரே கண்ட இளைய மகனுக்கு அன்று முதல் தண்ணீர் என்றாலே நடுக்கம். இப்போது தந்தையும் நோயுற்றுக் கிடக்கிறார். அவரைக் காக்கும் மருந்து, தொலைதூரத்தில் நிற்கும் உயிர்மரத்தின் நீர். அதனைக் கொணர அண்ணனும் தம்பியும் புறப்படுகின்றனர். பூதங்களின் சுரங்கம், அரக்கர்கள் மடிந்து கிடக்கும் போர்க்களம், பனி மூடிய ஊர் என வழி நீள்கிறது.

ஆடும் முறை அதனினும் எளியது. கண்ட்ரோலரின் இடப்பக்கக் குச்சியும் ஒரு விசையும் அண்ணனுக்கு. வலப்பக்கக் குச்சியும் ஒரு விசையும் தம்பிக்கு. அவ்வளவே. கனத்த நெம்புகோலை அண்ணன்தான் இழுக்க வல்லவன். கம்பிகளின் இடுக்கில் தம்பிதான் நுழைய வல்லவன். நீரைக் கடக்க வேண்டுமாயின் தம்பி அண்ணனின் முதுகைப் பற்றிக்கொள்வான். ஒருவர் தம் இரு கைகளால் இருவரையும் நடத்த வேண்டும் என்பது செய்தவர்களின் கருத்து. நம் வீட்டிலோ பிள்ளைகள் இருவர், கண்ட்ரோலர் ஒன்று. ஆகவே ஒருவர் தோளோடு மற்றவர் நெருங்கி அமர்ந்து, அண்ணன் இடப்பாதியையும் தங்கை வலப்பாதியையும் பிடித்துக்கொண்டனர்.

முதல் நாள் மாலையே தமையனார் மகன் குற்றப்பத்திரிகை படித்தான். "சித்தப்பா, இதில் மூளைக்கு வேலையே இல்லை. ஒருவன் இழுக்கிறான், ஒருவன் நுழைகிறான், கதவு திறக்கிறது. தோற்றாலும் அதே இடத்திலிருந்து மீண்டும் தொடங்கலாம்." அவன் கூற்றில் பொய்யில்லை. பெரும்பாலான புதிர்கள் பார்த்த மாத்திரத்தில் விடுபடுபவை. மூன்று அல்லது நான்கு மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும். மறுமுறை ஆடினால் சிந்திக்க ஒன்றும் எஞ்சாது. கதையிலும் குறை உண்டு: இடைவழியில் வந்து சேரும் பெண்ணொருத்தி செய்யும் வஞ்சகம், பழங்கதைகளில் பலமுறை கேட்டதே, அதுவும் அவசர அவசரமாக முடிகிறது.

ஆயினும் நாம் கவனித்த மற்றொன்று உண்டு. இவ்விளையாட்டில் மாந்தர் பேசும் மொழி எந்நாட்டுக்கும் உரியதன்று, இதற்கெனப் புனைந்தது. எழுத்தில் பொருள் விளக்கமும் வாராது. முகக்குறிப்பும் கையசைப்பும் கொண்டே யாவும் விளங்க வேண்டும். நம் மகளுக்கு இந்தி தடையின்றி வரும், தமிழ் தட்டுத் தடுமாறி வரும். வந்த பிள்ளைக்கோ இந்தி ஒரு சொல்லும் தெரியாது. தெருப்பிள்ளைகளோடு ஆடச் சென்ற இடத்தில் அவன் மூலையில் நின்றதையும், அவனோடு தமிழ் பேச இவள் கூசியதையும் ஒரு வாரம் கண்டு வருந்தினோம். இந்த ஆட்டத்தின் முன் இருவரும் சமமாயினர். 'இழு', 'விடு', 'நில்', 'ஏறு' என்று நம் மகள் வாயிலிருந்து தமிழ் தானாக வந்தது.

இனி முடிவைக் கூறாமல் வழக்கைத் தீர்த்தல் இயலாது. அறிய விரும்பாதோர் அடுத்த பத்தியைக் கடந்து செல்க.

உயிர்மரத்தை அடையும் வேளையில், அவ்வஞ்சகியால் குத்துண்ட அண்ணன் இறந்துபடுகிறான். தம்பியே அவனை இழுத்துக் குழியில் இட்டு மண்ணைத் தள்ள வேண்டும். "இனி எனக்கு வேலையில்லை" என்று தமையனார் மகன் கையை எடுத்துவிட்டான். தனியே ஊர் திரும்பும் தம்பியின் முன் வெள்ளம் குறுக்கிடுகிறது. நம் மகள் தன் பக்கத்து விசையை அழுத்துகிறாள். சிறுவன் நீரருகே சென்று அஞ்சி நிற்கிறான். மீண்டும் அழுத்துகிறாள், நிற்கிறான். ஆட்டம் பழுதாயிற்றோ என்று நாம் எண்ணினோம். சற்று நேரம் கழித்து அவள் கண்ட்ரோலரை நீட்டி, "அண்ணா, உன் பக்கத்தை அமுக்கிப் பார்" என்றாள். அவன் அமுக்கினான். சிறுவன் நீரில் இறங்கி நீந்தலானான். திசையைத் தங்கை காட்ட, விசையை அண்ணன் விடாது பிடித்திருக்க, அக்கரை சேரும்வரை இருவரும் பேசவில்லை.

இவ்விடத்தில் வழக்குத் தீர்ந்தது எனலாம். இறந்தவன் கற்பித்த துணிவு இருப்பவனிடம் தங்கும் என்பதை ஒரு படம் காட்டலாம். ஒரு நூல் சொல்லலாம். ஆடுபவன் விரல் தானே அதனைத் தேடிக் கண்டடையும்படி செய்தல் விளையாட்டுக்கே இயலும். ஆட்டம் எளிதாயிருந்தமையால்தான் 'இது அண்ணன் கை' என்பது விரலில் பதிந்தது. பத்து விசைகள் இருந்திருப்பின் பதிந்திராது. ஆகவே எளிமை முழுவதையும் குறை என்று தள்ள ஒண்ணாது. எனினும் வழியிடைப் புதிர்களின் எளிமைக்கு அவ்வாறு காரணம் காட்ட இயலாது. அங்கே கதையின் அழகு, ஆட்டத்தின் மெலிவை மூடி மறைக்கிறது. அவ்வளவில் தமையனார் மகன் வென்றான். கதையும் ஆட்டமும் ஒன்றாகும் இடத்தில் நம் மகள் வென்றாள்.

பெற்றோர்க்கு ஒரு சொல். போர்க்களத்துக் குருதியும், தூக்கிட்டுக்கொள்ள முயலும் ஒருவனைக் காக்கும் காட்சியும் இதில் உண்டு. சிறு குழந்தைகளுக்கு இது ஆகாது; வளர்ந்த பிள்ளைகளாயினும் உடன் அமர்ந்து காண்க. 2024-இல் புதுப்பித்த பதிப்பொன்று வெளிவந்திருக்கிறது. கதை அதுவேயாதலின் பழையதே போதும் என்பது நம் கருத்து.

விடுமுறை முடிந்து ரயிலேற்றச் சென்றபோது, "அடுத்த வருஷம் கஷ்டமான ஆட்டமாக வாங்குங்கள், சித்தப்பா" என்றான் பிள்ளை. வாங்குவோம். இரண்டாவது கண்ட்ரோலரை மட்டும் வாங்குவதாக இல்லை.