ஒரு பானைக் கூழும் ஒரு பாத்தி மணலும்

இடம்பெயர்ந்த குடும்பமொன்று எதை இழந்தது என்று பதிய வருவோர் வீடு, கிணறு, காணி, மாடு, நீர் இறைக்கும் இயந்திரம் என்று வரிசையாக எழுதிக் கொள்வார்கள். அடுக்களையில் இருந்த அறிவை எவரும் எழுதுவதில்லை. முகாமில் பிறந்து முகாமிலேயே வளர்ந்த பிள்ளைக்கு ஒடியல் எது, புழுக்கொடியல் எது என்று தெரியாமற் போனால் அதுவும் ஓர் இழப்பே. அதற்கு நட்டஈடு கேட்க ஒரு படிவமும் இல்லை.

ஒடியற் கூழைப் பற்றியே இங்கு பேசுகின்றோம். அது வெறும் பழம்பெருமை அல்ல, இன்றைய வாழ்வுக்கு உதவக் கூடிய உணவு என்பது எமது கருத்து.

கூழ் ஏழையின் உணவா?

கூழைப் பற்றி எம்மவரிடையே இரண்டு தவறான எண்ணங்கள் உண்டு. வேறு வழியில்லாதவன் குடிப்பது கூழ் என்பது ஒன்று. பெரிய இறாலும் நீலக்கால் நண்டும் போட்டு, வெளிநாட்டிலிருந்து வரும் உறவினருக்குக் காட்டுவதற்காகச் சமைப்பது கூழ் என்பது மற்றது. இரண்டுக்கும் நடுவில் உண்மையான கூழ் காணாமற் போய்விட்டது.

கடற்கரையில் வலை இழுத்த பின் விலை போகாமல் மிஞ்சிய கலப்பு மீனும், வளவில் நின்ற முருங்கையும், பனையின் மாவும் ஒரே பானையில் சேர்ந்து பிறந்ததே இக்கூழ். கடலில் உழைப்பவனும் தோட்டத்தில் உழைப்பவனும் பண்டம் மாற்றிக் கொண்டதன் விளைவு அது. ஓர் அடுப்பு, ஒரு பானை, ஓர் அகப்பை போதும். சோறு வேறு, கறி வேறு என்று இரண்டு முறை விறகு எரிக்கத் தேவையில்லை. அரைக் கிலோ மீனைக் குழம்பு வைத்தால் நான்கு பேருக்குத் துண்டு பங்கிடுவதிலேயே மனத்தாங்கல் வரும். அதே மீனைக் கூழில் போட்டால் எட்டுப் பேர் வயிறாறக் குடிக்கலாம். பிந்தி வந்தவருக்கும் ஒரு சிரட்டை மிஞ்சும். கடைசியில் சாப்பிடும் தாய்க்கும் மீனின் சத்து போய்ச் சேரும். இதைவிடப் பெரிய நன்மை வேண்டுமா?

காய்ச்சும் முறை

எட்டுப் பேருக்கு ஒடியல் மா 250 கிராம் போதும். மாவைச் சுத்தமான தண்ணீரில் கரைத்து அரை மணித்தியாலம் அடைய விட்டு, மேலே தெளியும் நீரை ஊற்றி விடுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்யுங்கள். இதைத் தவிர்க்கக் கூடாது. ஒடியலின் கசப்பும் வயிற்றுக்கு ஒவ்வாத பொருட்களும் அந்த நீரோடுதான் போகின்றன. எமது பாட்டிமார் காரணம் சொல்லாமற் செய்தாலும் காரணத்தோடுதான் செய்தார்கள்.

ஏறக்குறைய நான்கு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஒரு பிடி அரிசி, தோல் நீக்கிய பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்குத் துண்டுகள் ஆகியவற்றை முதலில் போடுங்கள். அவை அரை வேக்காடானதும் பயற்றங்காயும், மீன் தலைகளும், நண்டு இருந்தால் நண்டும் சேருங்கள். பின்னர் மீன் துண்டுகள், இறால், கணவாய் என்பவற்றைப் போடலாம். மீன் மொத்தம் அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை இருக்கலாம். பாரை, திருக்கை, விளைமீன் போன்றவை நல்லவை. சூடை போன்ற நுண்முள் மீன்களைத் தவிருங்கள். கூழில் முள்ளைத் தேடி எடுக்க முடியாது, பிள்ளைகளின் தொண்டையில் சிக்கும்.

பத்துப் பன்னிரண்டு செத்தல் மிளகாயை மஞ்சளோடு அரைத்து, பழப்புளிக் கரைசலில் கலந்து, அதில் ஒடியல் மாவையும் கட்டியில்லாமற் கரைத்து பானையில் ஊற்றுங்கள். உப்புச் சேர்த்து, நெருப்பைக் குறைத்து, அடிப்பிடிக்காமல் துழாவுங்கள். கூழ் தடித்து, மாவின் பச்சை மணம் போனதும் முருங்கையிலையைத் தூவி இறக்கலாம். சுடச்சுடப் பிளாவிலோ சிரட்டையிலோ குடிக்க வேண்டும். சிறுவருக்கென்றால் மிளகாயைப் பாதியாக்குங்கள்.

கடல் தூரமான இடங்களில் வாழ்வோர் என்ன செய்வது? வன்னியில் குளத்து விராலும் திலாப்பியாவும் கிடைக்கின்றன. அதுவும் இல்லையேல் கழுவி ஊறவைத்த கருவாடு போடலாம், அப்போது உப்பைக் குறைக்க வேண்டும். இன்ன மீன் இல்லையேல் கூழ் இல்லை என்று எவரும் சட்டம் எழுதவில்லை.

மாவுக்கு எங்கே போவது?

இங்குதான் உண்மையான சிக்கல் இருக்கின்றது. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியோரும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் நடந்தோரும், 2008, 2009 இல் வன்னிக்குள் இடம் மாறி மாறி அலைந்தோரும் பனையை முதுகில் சுமந்து வர முடியவில்லை. பதுங்குகுழிகளுக்கு என்று தறிக்கப்பட்டும், எறிகணை பட்டுத் தலை முறிந்தும் எத்தனையோ பனைகள் அழிந்தன. நிவாரணமாகக் கோதுமை மா வந்தது. உயிர் காத்த மாவை நாம் குறை சொல்ல முடியாது. ஆனால் நிவாரணம் நின்ற பிறகும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. கோதுமை எமது மண்ணில் விளைவதல்ல. 2022 இல் நாட்டில் டொலர் இல்லாமற் போனபோது பாணின் விலை எங்கே ஏறியது என்பதை ஒவ்வொரு வீடும் அறியும்.

பனை வளர்ந்து காய்க்கப் பதினைந்து இருபது வருடம் செல்லும். காணியில்லாத குடும்பத்துக்கு அது எட்டாத பேச்சு. ஆனால் ஒடியலுக்குச் சொந்தப் பனை தேவையில்லை. ஆவணியில் விழுந்து சீந்துவாரற்றுக் கிடக்கும் பனங்கொட்டைகளைப் பொறுக்கி, மணற்பாங்கான நிலத்தில் பாத்தி கட்டி நெருக்கமாக அடுக்கி மண்ணால் மூடினால் மாரி மழை மீதியைப் பார்த்துக் கொள்ளும். தையில் கிழங்கு கிண்டலாம். பச்சையாகத் தோலுரித்து, கிழித்து, வெயிலில் நன்றாகக் காய வைத்தால் ஒடியல். அவித்துக் காய வைத்தால் புழுக்கொடியல். நன்கு காய்ந்த ஒடியலைப் பூச்சி படாமல் வைத்திருந்து, வேண்டியபோது இடித்து மாவாக்கலாம்.

எனவே நாம் கேட்பது பெரிய திட்டம் அன்று. வெறுமையாகக் கிடக்கும் வளவுகளின் சொந்தக்காரரும், பாடசாலை, கோயில், சனசமூக நிலைய நிர்வாகத்தினரும் புரட்டாதி தொடக்கம் தை வரை ஒரு துண்டு மணல் நிலத்தை இக்குடும்பங்களுக்கு இரவலாகக் கொடுக்கட்டும். ஐந்து மாதத்தில் நிலம் திரும்பவும் அவர்கள் கையில். இதனால் எவருடைய உறுதியும் மாறப் போவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கூழ் இருக்கின்றதே, இனி உதவி எதற்கு என்று எந்த அலுவலரும் சொல்ல இடங்கொடுக்கக் கூடாது. பாத்தி இரவல் மண்ணில் இருக்கலாம், ஆனால் மக்கள் என்றைக்கும் இரவல் மண்ணில் இருக்க முடியாது. சொந்தக் காணிக்குத் திரும்பும் உரிமையை ஒரு பானைக் கூழ் ஈடுசெய்யாது. 1990 இல் வெளியேறியோரில் இன்னும் திரும்பாத குடும்பங்கள் இருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. மா இடிப்பதும் மீன் வெட்டுவதும் நண்டு உடைப்பதும் பெண்களின் தலையில் மட்டும் விழுந்தால் இந்த உணவு இரண்டாம் முறை அந்த வீட்டில் காய்ச்சப்பட மாட்டாது. கொட்டை பொறுக்குவதிலிருந்து அகப்பை பிடிப்பது வரை வீட்டார் அனைவரும் சேர வேண்டும்.

2009 இல் முள்ளிவாய்க்காலில் உப்பும் இல்லாமற் குடித்த கஞ்சியை ஒவ்வொரு வைகாசியிலும் நினைவுகூருகின்றோம். அது செய்யப்பட வேண்டியதே. சாவின் நடுவில் குடித்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் நாம், வாழ்ந்த காலத்தில் குடித்ததையும் சொல்லிக் கொடுக்க வேண்டாமா? இந்த ஆவணியில் பனையடிக்குப் போகும்போது பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். ஒரு கடகம் கொட்டையோடு தொடங்குங்கள்.