குரூப்ல போட்டாச்சு

‘குரூப்ல போட்டாச்சே, பாக்கலையா?’ இந்தக் கேள்வி காதில் விழாத அங்கன்வாடி டீச்சர் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார். கூட்டம், புதுப் படிவம், ‘உடனே போட்டோ அனுப்பவும்’ எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் இறங்குகின்றன.

இதற்கு மேல் ஒரு அறிவுரை வேறு: சோஷியல் மீடியாவைப் பார்த்து அப்டேட்டா இருங்க! யூடியூபில் பாட்டு இருக்கு, இன்ஸ்டாவில் ஆக்டிவிட்டி இருக்கு. சரி, இருக்கட்டும். இந்த அறிவுரையைத் தூக்கிக்கிட்டுக் கல்வராயன் மலை ஏறிப் பாருங்கள். வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே போகப் போக சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக உதிரும். அங்கே மலையாளிப் பழங்குடிக் குழந்தைகளுக்குச் சோறு போட்டு, எடை பார்த்து, பாட்டுச் சொல்லிக்கொடுப்பவர் ஒரே ஆள்தான். கூட ஒரு உதவியாளர் இருந்தால் உண்டு.

அவர் கையில் போன் இல்லையா என்றால், இருக்கிறது. 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்துக்கு 2021-ல் போஷன் டிராக்கர் செயலி வந்தது. வருகை, எடை, உயரம் எல்லாம் அதில் ஏற வேண்டும். 2025 ஜூலையிலிருந்து, வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவுக்குத் தாயின் முகத்தையும் அதில் காட்டியாக வேண்டும். மேலே போகும் தகவலுக்கு இத்தனை ஏற்பாடு. மேலேயிருந்து கீழே என்ன வருகிறது? ஒரு பிடிஎஃப்.

‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்று நமக்கென்று நல்ல பாடத்திட்டம் உண்டு. அதன் கோப்பை குரூப்பில் தள்ளிவிடுவது பயிற்சி ஆகாது. பேச்சே வராத மூன்று வயதுக் குழந்தையை எப்படிப் பாட வைப்பது என்று கேட்டால், அந்த பிடிஎஃப் பதில் சொல்லுமா?

சமூக ஊடகமே வேண்டாம் என்று சொல்லவில்லை. டீச்சர்கள் தங்களுக்குள் பாட்டும் கதையும் பகிர்ந்துகொள்ளும் குழுக்கள் உண்மையிலேயே உதவுகின்றன. ஆனால் ரீலில் ஓடுவது பெரும்பாலும் கலர் பேப்பரும் பிளாஸ்டிக் பொம்மையும் வாங்க வசதியுள்ள நகரத்து ப்ளே ஸ்கூல். புளியங்கொட்டையை வைத்து எண்ணச் சொல்லித்தரும் மலை டீச்சரை எந்த அல்காரிதம் தேடி வரும்?

எது நல்லது, எது குப்பை என்று பிரித்துச் சொல்ல ஆளில்லாத இடத்தில் ஃபார்வர்டுகள் என்ன செய்யும் என்பதும் நமக்குத் தெரியும். 2018 மே மாதம், பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில், போளூர் அருகே குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்த மூதாட்டியைக் கடத்தல்காரி என்று அடித்தே கொன்றார்கள். பிள்ளை பிடிக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி அதற்கு முன்பே ஊர் ஊராகச் சுற்றியிருந்தது. தடுப்பூசி பற்றியோ சத்துமாவு பற்றியோ இப்படி ஒன்று கிளம்பினால், தாய்மார்கள் முதலில் கேட்பது அங்கன்வாடி டீச்சரிடம்தான். அவருக்கே சரியான தகவல் போய்ச்சேராவிட்டால்?

கேட்பது பெரிதல்ல. வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு பயிற்சி. சிக்னல் இல்லாமலும் ஓடும் பாடல்கள், வீடியோக்கள். சந்தேகம் வந்தால் மலைக்கே நேரில் வந்து உட்கார்ந்து சொல்லித்தரும் ஆள். தெரிந்துகொள்வது அவருடைய உரிமை; தெரியப்படுத்துவது அரசின் கடமை. அந்தக் கடமையைச் சொந்த டேட்டா பேக்கில், ராத்திரி பத்து மணிக்கு, பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு அவரே செய்துகொள்ளட்டும் என்று விடுவதற்கு ‘டிஜிட்டல் வளர்ச்சி’ என்று பெயர் வைக்காதீர்கள்.

குரூப்ல போட்டாச்சு, சரி. அவங்களுக்குப் போய்ச் சேர்ந்துச்சான்னு யார் பாத்தீங்க?