சுரண்டுவதா, பேணுவதா?

வீட்டிலிருக்கும் பழைய மரத் தளபாடத்தை வீதியில் எறிந்துவிட்டு, துகட்பலகையில் செய்த பளபளப்பான அலுமாரியொன்றைத் தவணை முறையில் வாங்கி வைப்பதே முன்னேற்றம் எனக் கருதும் மனோபாவம் எம்மவரிடையே வேரூன்றிவிட்டது. இதனை நான் வன்மையாகக் கண்டிக்கின்றேன்.

துகட்பலகை என்பது மரத்தூளையும் சீவல்களையும் பசையிட்டு அழுத்திய தட்டேயன்றி வேறில்லை. ஈரம் பட்டால் ஊதும். திருகாணி ஒருமுறை கழன்றால் மீண்டும் இறுகப் பிடிக்காது. தேக்கிலோ முதிரையிலோ செய்த லாச்சி மேசையோ பழுதுபார்க்கப் பழுதுபார்க்கத் தலைமுறைகளைத் தாண்டி நிற்கும்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் இடம்பெயர்ந்தபோது, தளபாடங்களைக் கொண்டுசெல்லும் நிலையில் மக்கள் இருக்கவில்லை. பின்னர் திரும்பியோரிற் பலர் கதவு நிலைகளைக்கூடக் காணவில்லை. போருக்குத் தப்பிய மேசையை இன்று நாமே குப்பையில் எறிவது எந்த வகையில் நியாயம்?

திருத்துகின்றோம் எனப் புறப்படுவோர் இழைக்கும் தீங்கும் சிறிதன்று. அண்மையில் கொழும்பில் கண்ணாடி வைத்த பழைய லாச்சி மேசையொன்றை வாங்கினேன். "இரண்டு நாளில் மெஷினால் சுரண்டி, வெள்ளை அடித்துத் தருகிறோம் ஐயா" என்றார் கடைக்காரர். மறுத்து, வீட்டிலேயே செய்தேன்.

முதலில் வேண்டியது சுரண்டல் அன்று, சோதனை. கண்ணிற் படாத மூலையில் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் தேய்த்துப் பாருங்கள். பூச்சு கரைந்து பிசுபிசுத்தால் அது பெரும்பாலும் அரக்கு மெருகு. அதனைச் சுரண்டவே தேவையில்லை. அழுக்கை அகற்றி, அதே ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை மெல்லிய படைகளாகப் பூசினால் பழையதும் புதியதும் ஒன்றிவிடும். அரத்தாள் தேவைப்படின் மர நாரின் போக்கிலேயே, 120, 180, 240 என்ற வரிசையிற் கையால் தேய்க்க வேண்டும். மேலே ஒட்டிய மரத்தோல் பல தளபாடங்களில் ஒரு மில்லிமீற்றர்கூட இராது. இயந்திரம் அதனை நொடியிற் தின்றுவிடும்.

பழைய வர்ணம் பூசியிருந்தால் மேலும் எச்சரிக்கை தேவை. வர்ணப்பூச்சில் ஈயத்துக்கான சட்ட வரம்பு இலங்கையில் 2013இலேயே நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பூச்சை உலர்நிலையிற் தேய்த்துக் குழந்தைகளின் மூச்சில் நஞ்சைக் கலக்காதீர்கள். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியையும் சுருட்டிப் போடாதீர்கள். தானாகவே தீப்பற்றக்கூடியது அது. வெளியில் விரித்துக் காயவிடுங்கள்.

இவற்றுக்கெல்லாம் நேரமில்லை என்பர் சிலர். நாள்தோறும் இரவில் மூன்று தொலைக்காட்சித் தொடர்களுக்கு நேரம் இருக்கின்றதே! எனது மேசைக்குத் தேவைப்பட்டவை ஐந்து மாலைப்பொழுதுகள் மட்டுமே.

எறிவதும் சுரண்டுவதும் ஒரே அலட்சியத்தின் விளைவுகள். பெயர் தெரியாத தச்சன் ஒருவனின் உழைப்பை மதிக்கத் தெரியாத சமூகம், பாரம்பரியம் பற்றி மேடைகளில் முழங்குவதிற் பொருளில்லை.