48 மணி நேர டெஸ்ட்டில் பாஸ், வயல் தண்ணீரில் ஃபெயில்? பூச்சிமருந்தின் நச்சை அளப்பது எப்படி?

நெல் வயலில் புகையான் தாக்கினால் விவசாயிகள் தேடிப்போகும் மருந்துகளில் ஒன்று இமிடாகுளோப்ரிட். உரக்கடைகளில் பல பிராண்டு பெயர்களில் கிடைக்கும். 1990-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த இந்த மருந்து, நியோநிகோடினாய்டு என்ற வகையைச் சேர்ந்தது. பழைய ஆர்கனோபாஸ்பேட் மருந்துகளை விட மனிதர்களுக்கும் கால்நடைகளுக்கும் ஆபத்து குறைவு என்பதால் உலகம் முழுக்க வேகமாகப் பரவியது.

2016 நவம்பரில் கனடாவின் பூச்சிக்கொல்லி ஒழுங்குமுறை அமைப்பு இதன் பெரும்பாலான பயன்பாடுகளைப் படிப்படியாக நிறுத்தலாம் என்று ஒரு முன்மொழிவை வெளியிட்டது. நியோநிகோடினாய்டு என்றதும் எல்லோருக்கும் தேனீதான் ஞாபகம் வரும். ஆனால் கனடா சொன்ன காரணம் வேறு: தண்ணீருக்குள் வாழும் பூச்சிகள்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக விற்பனையில் இருந்த மருந்து. நீர்வாழ் உயிர்கள் மீது முறைப்படி சோதிக்கப்பட்டுத்தான் சந்தைக்கு வந்தது. அப்புறம் எப்படி இது கண்ணில் படாமல் போனது? பதில் ஒரு சின்ன கண்ணாடிக் குடுவைக்குள் இருக்கிறது.

குடுவைக்குள் யார்?

டாஃப்னியா. தமிழில் தண்ணீர்த் தெள்ளுப்பூச்சி என்பார்கள். பெயரில் பூச்சி இருந்தாலும் இது பூச்சி இல்லை. இறால், நண்டு குடும்பத்தின் சொந்தக்காரன். சில மில்லிமீட்டர் நீளம்தான். உடல் கண்ணாடி மாதிரி இருப்பதால் மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் இதயம் துடிப்பதையே பார்க்கலாம். வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் மீன்குஞ்சுக்குத் தீனியாகப் போடும் மோய்னா, இதன் நெருங்கிய உறவு.

குளத்தில் பாசியைத் தின்று வளர்வது இதன் வேலை. சிறு மீன்களுக்கு இதுவே சாப்பாடு. அதனால் டாஃப்னியா அழிந்தால் பாசி பெருகும், மீன் குறையும். ஆய்வகத்துக்கு இது ரொம்ப வசதியான உயிரும்கூட. ஆண் துணை இல்லாமலேயே பெண் டாஃப்னியா தன்னைப் போன்ற குட்டிகளைப் போடும். ஒரே மரபணு கொண்ட நூற்றுக்கணக்கான குட்டிகள் கிடைப்பதால் முடிவுகளை ஒப்பிடுவது எளிது.

டெஸ்ட் எப்படி நடக்கிறது?

உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் விதிமுறை, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பான ஓஇசிடி வெளியிட்ட வழிகாட்டி எண் 202. இப்போது நடைமுறையில் இருப்பது 2004-ல் திருத்தப்பட்ட வடிவம். சுருக்கமாக இதுதான் நடைமுறை:

• பிறந்து 24 மணி நேரம்கூட ஆகாத குட்டிகளை எடுப்பார்கள்.

• சோதிக்க வேண்டிய ரசாயனத்தைக் குறைந்தது 5 அளவுகளில் தண்ணீரில் கலப்பார்கள். உதாரணத்துக்கு லிட்டருக்கு 1, 2, 4, 8, 16 மில்லிகிராம். கூடவே ரசாயனம் எதுவும் கலக்காத ஒரு குடுவைத் தொகுப்பும் இருக்கும்.

• ஒவ்வோர் அளவுக்கும் குறைந்தது 20 குட்டிகள். பொதுவாக ஐந்தைந்தாக நான்கு குடுவைகளில் விடுவார்கள்.

• வெப்பநிலை 18 முதல் 22 டிகிரி செல்சியஸுக்குள். சாப்பாடு கிடையாது.

• 24 மணி நேரத்திலும் 48 மணி நேரத்திலும் எண்ணிப் பார்ப்பார்கள்.

எதை எண்ணுவார்கள்? செத்தவற்றை இல்லை. இவ்வளவு சின்ன உயிர் செத்துவிட்டதா, மயங்கிக் கிடக்கிறதா என்று உறுதியாகச் சொல்வது கஷ்டம். அதனால் குடுவையை மெல்ல அசைத்து, 15 விநாடிக்குள் நீந்தவில்லை என்றால் 'அசைவற்றது' என்று கணக்கில் சேர்ப்பார்கள். உணர்கொம்பு லேசாக ஆடினாலும், நீந்தவில்லை என்றால் அசைவற்றதுதான்.

இதற்கு ஒரு செக்கும் உண்டு. ரசாயனம் கலக்காத தண்ணீரிலேயே 10 சதவீதத்துக்கு மேல் குட்டிகள் முடங்கினால் அந்த டெஸ்ட் செல்லாது. மொத்தத்தையும் திரும்பச் செய்ய வேண்டும்.

ஈசி50 என்றால் என்ன?

48 மணி நேரத்தில் பாதிக் குட்டிகளை முடக்கும் அளவுதான் ஈசி50. இந்த எண் எவ்வளவு சின்னதோ, அவ்வளவு கடுமையான விஷம் என்று அர்த்தம்.

உலகளாவிய ரசாயன வகைப்பாட்டு முறையில் இது லிட்டருக்கு 1 மில்லிகிராம் அல்லது அதற்குக் கீழே இருந்தால், நீர்வாழ் உயிர்களுக்கு மிக நச்சு; முதல் வகை. 1 முதல் 10 வரை இரண்டாம் வகை. 10 முதல் 100 வரை மூன்றாம் வகை. 100-க்கு மேல் போய்விட்டால் குறுகிய கால நச்சுக்கான இந்தப் பட்டியலிலேயே வராது. மீன், பாசி ஆகியவற்றின் மீதும் இதே போன்ற சோதனைகள் உண்டு.

பல மருந்துகளை டாஃப்னியா அழகாகக் காட்டிக்கொடுத்துவிடும். குளோர்பைரிபாஸ், சைபர்மெத்ரின் இரண்டுமே லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைந்த அளவிலேயே அதை முடக்கக்கூடியவை. ஒரு மில்லிகிராமில் ஆயிரம் மைக்ரோகிராம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் கணக்குக்கு அது தேவைப்படும்.

எங்கே சறுக்கியது?

இமிடாகுளோப்ரிட்டில் டாஃப்னியா மாக்னா இனத்தின் 48 மணி நேர ஈசி50 ஆகப் பரவலாகக் குறிப்பிடப்படும் அளவு, லிட்டருக்கு சுமார் 85 மில்லிகிராம். இந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால் மருந்து மூன்றாம் வகைக்குள்தான் வரும். பெரிய பிரச்சினை இல்லை என்றே தோன்றும்.

அதே மருந்தை மேஃபிளை பூச்சியின் இளம் பருவத்தில் சோதித்தபோது படம் தலைகீழாக மாறியது. ஈசல் மாதிரி விளக்கைத் தேடிவந்து சில மணி நேரத்தில் செத்துவிழும் மெல்லிய பூச்சி இது. வாழ்நாளின் பெரும்பகுதியைத் தண்ணீருக்கு அடியில்தான் கழிக்கும். 2013-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், 96 மணி நேர சோதனையில் சில மேஃபிளை இனங்கள் லிட்டருக்கு சுமார் ஒரு மைக்ரோகிராம் அளவிலேயே முடங்கின.

85 மில்லிகிராம் என்றால் 85,000 மைக்ரோகிராம். அதாவது ஒரே மருந்து, ஒரே தண்ணீர். ஆனால் உயிரை மாற்றினால் விடை பல்லாயிரம் மடங்கு மாறுகிறது.

காரணம் புரியாதது ஒன்றும் இல்லை. நியோநிகோடினாய்டுகள் பூச்சிகளின் நரம்பில் உள்ள குறிப்பிட்ட ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு வேலை செய்பவை. பூச்சிகளுக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. டாஃப்னியா பூச்சி இல்லாததால் அதற்குப் பெரிதாக உறைப்பதில்லை. மேஃபிளை பூச்சி என்பதால் சிக்கிக்கொள்கிறது.

நேரமும் ஒரு பிரச்சினை. இந்த மருந்தால் முடங்கும் பூச்சி உடனே சாவதில்லை. நாள்கணக்கில் அசையாமல் கிடந்து, சாப்பிட முடியாமல் செத்துப்போகலாம். அதே நெதர்லாந்து ஆய்வில் சோதனையை 28 நாள் நீட்டித்தபோது, இன்னும் பல மடங்கு குறைந்த அளவிலேயே பாதிப்பு தெரிந்தது. 48 மணி நேரத்தில் குடுவையை மூடிவிட்டால் இது தெரியவே வராது.

வயலில் கணக்கு போட்டால்?

ஒரு மனக்கணக்கு போட்டுப் பார்க்கலாம். நம் நாட்டில் நெல்லுக்குப் பரிந்துரைக்கப்படும் இமிடாகுளோப்ரிட் 17.8 எஸ்.எல். கலவையின் அளவு ஹெக்டேருக்கு 100 முதல் 125 மில்லிலிட்டர். குறைந்தபட்ச அளவை எடுத்துக்கொண்டாலும் அதில் உண்மையான மருந்து சுமார் 20 கிராம்.

ஒரு ஹெக்டேர் வயலில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் அது 5 லட்சம் லிட்டர். தெளித்த மருந்தில் பத்தில் ஒரு பங்கு மட்டும் தண்ணீரில் விழுந்தால்கூட, லிட்டருக்கு 4 மைக்ரோகிராம் வரும். டாஃப்னியாவின் 85,000-க்குப் பக்கத்தில் வைத்தால் இது ஒன்றுமே இல்லை. மேஃபிளையின் ஒன்றுக்குப் பக்கத்தில் வைத்தால் நான்கு மடங்கு.

இது தோராயக் கணக்குதான். தெளிவான தண்ணீரில் வெயில் பட்டால் இமிடாகுளோப்ரிட் வேகமாகச் சிதையும். எவ்வளவு மருந்து விழுகிறது என்பது பயிரின் வளர்ச்சி, காற்று, தெளிக்கும் விதம் எல்லாவற்றையும் பொறுத்தது. ஆனாலும் எந்த உயிரின் எண்ணை வைத்து முடிவெடுக்கிறோம் என்பதில் பாதுகாப்பின் அர்த்தமே மாறிவிடுகிறது.

ஜப்பானில் ஷிஞ்சி ஏரியைச் சுற்றி நெல் வயல்கள் அதிகம். அங்கே 1993-ல் நியோநிகோடினாய்டு பயன்பாடு தொடங்கியது. அதையடுத்து வசந்த காலத்தில் ஏரியின் விலங்கு மிதவை உயிரிகளின் சராசரி எடை 83 சதவீதம் குறைந்ததாகவும், அவற்றைத் தின்னும் ஸ்மெல்ட் மீனின் ஆண்டுப் பிடிப்பு 240 டன்னிலிருந்து 22 டன்னாகச் சரிந்ததாகவும் 2019-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு சொன்னது. பல ஆண்டுத் தரவுகளை ஒப்பிட்டுச் செய்த ஆய்வு இது; மருந்துதான் ஒரே காரணம் என்று இதை மட்டும் வைத்து நிரூபிக்க முடியாது. ஆனால் பூச்சியில் தொடங்கும் அடி, மீனவரின் வலை வரைக்கும் போகலாம் என்று இந்த ஆய்வு எச்சரிக்கிறது.

அப்போ டாஃப்னியா டெஸ்ட் வேஸ்ட்டா?

அப்படிச் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கான ரசாயனங்களைக் குறைந்த செலவில், ஒரே அளவுகோலில், வேகமாக வடிகட்ட இதைவிட எளிய வழி கிடைப்பது கஷ்டம். ஒப்பிட்டு வரிசைப்படுத்த உருவான முதல்கட்ட சோதனையின் எண்ணை, எல்லா நீர்வாழ் உயிர்களுக்கும் கிடைத்த சான்றிதழ் மாதிரி வாசிப்பதில்தான் சிக்கல்.

இந்த ஓட்டையை அடைக்கும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. 2011-ல் ஓஇசிடி வழிகாட்டி எண் 235 வந்தது. அதில் குடுவைக்குள் போவது கைரோனமஸ் புழு. கொசு மாதிரியே இருந்தும் கடிக்காத ஒரு பூச்சியின் இளம் பருவம். மீன் கடைகளில் 'பிளட் வோர்ம்' என்று விற்கும் அதே சிவப்புப் புழு வகைதான். பூச்சியைக் கொல்லும் மருந்து என்றால் டாஃப்னியாவோடு இப்படி இரண்டாவதாக ஓர் உயிரிலும் சோதிக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2013-ல் விதி கொண்டுவந்தது.

கனடா கதை எப்படி முடிந்தது? கூடுதல் தரவுகளைப் பார்த்த பிறகு, 2021-ல் முழுத் தடை வேண்டாம் என்று முடிவானது. சில பயன்பாடுகளை ரத்து செய்து, வேறு சிலவற்றுக்குக் கட்டுப்பாடுகள் விதித்தார்கள்.

நமக்கு என்ன?

இந்தியாவில் பூச்சிக்கொல்லிகள் 1968-ம் ஆண்டு சட்டத்தின் கீழ்தான் பதிவாகின்றன. ஃபரிதாபாத்தில் இருக்கும் மத்திய பூச்சிக்கொல்லி வாரியமும் பதிவுக் குழுவும் இதைக் கவனிக்கின்றன. ஓஇசிடி-யில் இந்தியா உறுப்பினர் இல்லை. ஆனால் அதன் பரஸ்பர தரவு ஏற்பு முறையில் 2011-ல் முழுமையாக இணைந்தது. அதனால் சான்று பெற்ற இந்திய ஆய்வகங்களில் எடுக்கும் முடிவுகளை அந்த நாடுகளும் ஏற்கின்றன. இந்தச் சோதனைகளைச் செய்யும் திறமை நம்மிடமே இருக்கிறது.

கேட்க வேண்டியது எந்த உயிரில், எந்தச் சூழலில் சோதிக்கிறோம் என்பதைத்தான். 20 டிகிரி தண்ணீரில் குளிர்ப் பிரதேச டாஃப்னியா தந்த எண்ணை, 30 டிகிரியைத் தாண்டும் டெல்டா வயல் தண்ணீருக்கு அப்படியே பொருத்துவது சரியா? வெப்பம் கூடும்போது பல ரசாயனங்களின் நச்சும் கூடும். 1968 சட்டத்தை மாற்ற 2020-ல் மாநிலங்களவையில் ஒரு மசோதா வந்தது. அடுத்த முறை இந்த விவாதம் வரும்போது, பூச்சிக்கொல்லி என்றால் நம் ஊர் நீர்ப்பூச்சி ஒன்றிலாவது சோதனை கட்டாயமா என்ற கேள்வியும் அதில் இருக்க வேண்டும்.

நீங்களே செக் பண்ண ஒரு வழி இருக்கிறது. பூச்சிமருந்தோ, தொழிற்சாலை கிளீனரோ, அதன் பாதுகாப்புத் தரவுத் தாளை இணையத்தில் தேடி எடுங்கள். 12-வது பிரிவு சூழலியல் தகவல். அதில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: எந்த உயிர், எத்தனை மணி நேரம், என்ன அளவு. பூச்சியைக் கொல்ல விற்கும் மருந்துக்கு அங்கே டாஃப்னியா, 48 மணி நேரம் என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது என்றால், தண்ணீரில் வாழும் பூச்சிகளைப் பற்றி அந்தத் தாள் இன்னும் எதுவும் சொல்லவில்லை என்று அர்த்தம்.