சின்னத்திரை தந்த சீதனம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

கதை கேட்டு வளராத பிள்ளை உலகில் எங்கும் இல்லை. கதை சொல்லும் வாய்தான் காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது. பாட்டியின் வாய், கூத்துக் களரியில் கட்டியக்காரனின் வாய், வார இதழ், வானொலி, வெள்ளித்திரை என்று வந்த வரிசையில், எங்கள் தலைமுறைக்குக் கதை சொன்ன வாய் பதினான்கு அங்குல வாய். ஆம், தொலைக்காட்சிப் பெட்டியைத்தான் சொல்கிறேன்.

இப்பெட்டியைப் பற்றி இரண்டு குரல்கள் கேட்கின்றன. "டிவி பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கற்பனை வறண்டுவிட்டது, இவர்களுக்குக் கதை எழுத வராது" என்பது பெரியவர்களின் குரல். "சுட்டி டிவி பார்த்த நாள்கள் அல்லவா பொற்காலம்! அது போல் இனி வருமா?" என்பது நம் விடுதித் தோழர்களின் குரல். முதற்குரல் நம்மைப் பழிக்கிறது. இரண்டாவது நம்மைத் தாலாட்டுகிறது. கதை எழுத விரும்பும் மாணவனுக்கு இவ்விரண்டுமே உதவா. தொலைக்காட்சி நமக்கு ஒரு சீதனம் தந்திருக்கிறது. அதில் எது பொன், எது பித்தளை என்று உரசிப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து.

புத்தகம் இல்லாத வீடு

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. ஆனால் எங்களைப் போன்றவர்களின் வீட்டுக்குள் அது நுழைய மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. 2006ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் இலவச வண்ணத் தொலைக்காட்சி ஒரு வாக்குறுதியாக வந்தது. அவ்வாண்டே வழங்கத் தொடங்கி, 2011க்குள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் மக்களைச் சென்றடைந்தன. அது தேவையா, வீணா என்று அன்று மேடைக்கு மேடை விவாதித்தார்கள், இன்றும் விவாதிக்கிறார்கள். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஒரே ஒரு செய்தியை மட்டும் சொல்கிறேன்: அப்பெட்டி போய்ச் சேர்ந்த வீடுகள் பலவற்றில் புத்தகம் என்று ஒன்று கிடையாது.

என் தந்தையார் கொத்து வேலை செய்பவர். தாயார் நூறு நாள் வேலைக்குச் செல்பவர். எங்கள் வீட்டில் அச்சடித்த எழுத்து என்றால் குடும்ப அட்டை, மளிகைக்கடை தந்த நாள்காட்டி, பிறகு என் பள்ளிப் பாடநூல், அவ்வளவே. அலமாரி நிறையப் புத்தகங்களுக்கிடையே வளர்ந்த ஒருவரிடம், "எழுத்தில் உமக்கு ஆசான் யார்?" என்று கேட்டால், கல்கி என்பார், புதுமைப்பித்தன் என்பார். நாங்கள் யாரைச் சொல்வது? ஜாக்கி சான் என்று சொன்னால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு அஞ்சியே பேனாவைத் தொடாமல் இருக்கும் தோழர்களை எனக்குத் தெரியும். முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் அவர்கள். அவர்களுக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

தொடர்கதை என்பது ஒன்றும் தொலைக்காட்சியின் கண்டுபிடிப்பு அன்று. கல்கியின் பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் "தொடரும்" போட்டுத்தான் வந்தது. ஆங்கில நாட்டில் டிக்கன்ஸ் 1836இலேயே தம் முதல் நாவலை மாதந்தோறும் பகுதி பகுதியாக வெளியிட்டார். அடுத்த வாரத்துக்காக ஏங்க வைக்கும் வித்தையை அவர்கள் தாளில் செய்தார்கள். நமக்கு அது திரையில் வந்தது. கருவி வேறு, கலை ஒன்றே. ஆகவே வெட்கம் வேண்டாம்.

புள்ளியும் இடைவெளியும்

நான் இயற்பியல் மாணவன். பழைய தொலைக்காட்சிப் பெட்டி எவ்வாறு படம் காட்டியது என்பதைப் படித்தபோது ஒரு வியப்பு ஏற்பட்டது. படக்குழாய்க்குள் எலக்ட்ரான் கற்றை ஒன்று கோடு கோடாகத் திரையைத் தடவி ஓடுகிறது. நம் நாட்டு முறையில் ஒரு படத்துக்கு 625 கோடுகள். ஒரு நொடிக்கு 25 படங்கள். கற்றை படும் புள்ளி ஒளிர்கிறது. கடந்துபோன புள்ளி மங்கிக்கொண்டே வருகிறது. அப்படியானால் எந்த ஒரு கணத்திலும் திரையில் முழுப்படம் ஒளிர்வதில்லை! முழுப்படத்தை ஆக்கிக்கொள்வது, பார்ப்பவனின் கண்ணும் மூளையும்.

கதையும் இப்படித்தான் என்பேன். ஆசிரியன் சில புள்ளிகளைத்தான் தொட்டுக் காட்டுகிறான். இடையிலுள்ளதை இட்டு நிரப்புபவன் வாசகன். நிரப்புவதற்கு இடம் வைக்கத் தெரிந்தவனே நல்ல கதாசிரியன். இந்தப் பாடத்தை எங்களுக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்லவில்லை. பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தே கற்றோம்.

அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய டோராவின் பயணங்கள், சுட்டி டிவி வழியாகத் தமிழ் பேசிற்று. டோராவும் புஜ்ஜியும் எங்கோ போக வேண்டும்; வரைபடம் வழி சொல்லும்; திருட ஒரு நரி வரும். கதை நாள்தோறும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் டோரா ஒரு கேள்வி கேட்பாள். கேட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டு சில நொடிகள் பேசாமல் நிற்பாள். அந்த இடைவெளியில் எங்கள் தெரு முழுதும் கூச்சல் எழும். எங்கள் பதில் அவளுக்குக் கேட்காது என்று எங்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆயினும் பதில் சொன்னோம். கேட்பவனுக்கும் கதையில் ஒரு பங்கு உண்டு என்பதை ஐந்து வயதில் அறிந்தது அப்படித்தான்.

ஜாக்கி சான் கேலிச்சித்திரத் தொடரில் பன்னிரண்டு மந்திரத் தாயத்துகள். சீன ராசிகளின் பன்னிரண்டு விலங்குகளுக்கு ஒன்றாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு சக்தி. ஆடு மேய்க்கப் போன இடத்தில் ஓடைக் கூழாங்கற்களைப் பொறுக்கி நாங்களும் அந்த விளையாட்டை ஆடினோம். ஆட வந்த பிள்ளைகளோ பதின்மூன்று பேர்! ஒருவனுக்குத் தாயத்து இல்லை. என்ன செய்வது? பதின்மூன்றாவது தாயத்து ஒன்றை உண்டாக்கினோம். அதற்கு ஆட்டுக்கிடாயின் சக்தி போதாதென்று, மழையை வரவழைக்கும் சக்தியைக் கொடுத்தோம். வானம் பார்த்த பூமியில் வேறு எந்தச் சக்தி பெரிது? தொலைக்காட்சி பன்னிரண்டோடு நிறுத்தியது. எங்கள் ஊர் பதின்மூன்றாவதைச் சேர்த்தது. கற்பனை வறண்டுவிட்டது என்பவர்கள் இதற்கு என்ன பெயர் வைப்பார்கள்?

இருட்டில் பிறந்த கதை

மின்வெட்டையும் மறக்கலாகாது. 2012ஆம் ஆண்டில் சென்னைக்கு வெளியே இருந்த ஊர்களில் நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் இல்லை. வில்லன் கையை ஓங்கும்போது திரை கருத்துவிடும். மறுநாள் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில், பார்த்தவன் நடந்ததைச் சொல்வான். பாராதவன் அவனைவிடச் சிறப்பாகச் சொல்வான். இன்று கைப்பேசியில் எந்தக் காட்சியையும் எந்நேரமும் திருப்பிப் பார்க்கலாம். வசதிதான். ஆனால் பாராததைப் பார்த்ததாகச் சொல்லும் அந்தப் பயிற்சி போய்விட்டது.

2013இல் விஜய் தொலைக்காட்சியில் மகாபாரதம் தமிழில் வரத் தொடங்கியது. எங்கள் ஆயா படிக்காதவர். ஆனால் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தைச் சிறுவயது முதல் விடிய விடியப் பார்த்தவர். திரையில் துரியோதனன் வந்ததும், "இவன் என்னடா இத்தினியூண்டு இருக்கான்? நம்ம படுகளத்துத் துரியோதனன் மைதானம் பூரா படுத்துக் கெடப்பானே!" என்றார். பாரத விழாவின் முடிவில் மண்ணால் பிடித்த துரியோதனன் உருவம் களத்தில் மல்லாந்து கிடப்பதை எங்கள் வட்டாரத்தார் அறிவர். மின்சாரம் நின்றதும் ஆயா தொடங்குவார். தொலைக்காட்சி விட்ட இடத்திலிருந்து கூத்து தொடரும்.

ஆயாவிடம் நான் கண்ட ஒரு நுட்பத்தைத் தொலைக்காட்சித் தொடர்களில் காணவில்லை. படுகளத்தில் வீழ்ந்த துரியோதனனுக்கும் ஒப்பாரி உண்டு. கெட்டவன்தான், ஆனாலும் அவனுக்காக அழவும் ஒருத்தி இருக்கிறாள். மாலைநேரத் தொடர்களின் வில்லிக்கோ புருவமும் இடி முழக்கமும் மட்டுமே உண்டு. அவள் ஏன் அப்படி ஆனாள் என்று கேட்பார் இல்லை. எதிரிக்கும் ஓர் ஒப்பாரி வைக்கத் தெரிந்தால்தான் கதை நிமிர்ந்து நிற்கும். சின்னத்திரையை ஆயாவின் கதையோடு ஒட்டிவைத்துப் பார்த்ததால்தான் இது எனக்கு விளங்கிற்று.

பொன் எது? பித்தளை எது?

தொலைக்காட்சி நமக்குக் கற்றுத் தந்தது, கதையை எப்படிச் சொல்வது என்பதை. எதைச் சொல்வது என்பதையும் அதனிடமே கேட்கப் போனால் வந்தது கேடு. நண்பர் ஒருவரின் சிறுகதையைப் படித்தேன். நாயகன் மாளிகையின் மாடிப்படிகளில் கம்பீரமாக இறங்கி வருகிறான். நண்பரின் வீட்டில் ஏறி இறங்க ஒரு படிகூடக் கிடையாது! இன்னொரு கதையில் பிள்ளை விழுந்ததும் தாய், "ஓ, இல்லை!" என்று அலறுகிறாள். இது மொழிமாற்றத் தமிழ். எந்த ஊர்த் தாய் அப்படி அலறுவாள்? "ஐயோ, எஞ்சாமி!" என்றல்லவா ஓடிவருவாள்! நம் மனிதர்கள் நம் தமிழில் பேசாத கதையில் நம் மனிதர்கள் எப்படி வாழ்வார்கள்?

தொலைக்காட்சியிலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டும் உண்டு. 1990களில் வந்த "விடாது கருப்பு" தொடர். நான் பிறப்பதற்கு முன்பே வந்து முடிந்தது, கைப்பேசியில்தான் பார்த்தேன். கதை இந்திரா சௌந்தர்ராஜன், இயக்கம் நாகா. மர்மத்துக்காக அவர்கள் கடல் கடந்து போகவில்லை. ஊர் எல்லையில் அரிவாளோடு நிற்கும் கருப்பசாமியையும், அவர்மேல் மக்களுக்குள்ள அச்சத்தையும் எடுத்துக்கொண்டார்கள். அன்று பார்த்தவர்கள் இன்றும் அதைப் பேசுகிறார்கள் என்றால் காரணம் அந்த மண்வாசனைதான்.

ஏக்கம் கதையாகுமா?

பழைய முகப்புப் பாடலை விடுதியில் ஒருவன் தொடங்கினால் பத்துப்பேர் சேர்ந்து பாடுகிறோம். இனிமைதான். ஐந்து நிமிடத்தில் அது முடிந்துவிடுகிறது. ஏனெனில் அந்த ஏக்கம் திரையை மட்டுமே நினைக்கிறது. திரைக்கு எதிரே இருந்த அறையை நினைத்துப் பாருங்கள். அங்கேதான் கதை இருக்கிறது. யார் பாயில் உட்கார்ந்தார், யார் வாசற்படியில் நின்றார், யார் அடுப்படியில் இருந்தபடி காதால் மட்டும் கேட்டார்?

என் தந்தையார் சிறுவனாக இருந்தபோது ஊருக்குப் பொதுவாக ஊராட்சித் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று இருந்ததாம். ஊரின் பிள்ளைகள் அறைக்குள்ளே தரையில் அமர்ந்து பார்த்தார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் சன்னலுக்கு வெளியே நின்று கம்பிகளுக்கிடையே பார்த்தார்கள். உள்ளே வராதே என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே எல்லார்க்கும் தெரிந்திருந்தது. பின்னாளில் வீட்டுக்கு ஒரு பெட்டி வந்தபோது, என் தந்தையார் வேலை முடிந்து வந்து, சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்து பார்த்தார். என்ன நிகழ்ச்சி ஓடியது என்பது அவருக்கு முக்கியமில்லை. உட்கார்ந்து பார்த்தார், அதுதான் செய்தி.

அந்தச் சன்னலுக்கும் இந்தச் சுவருக்கும் இடையே ஒரு நாவலே கிடக்கிறது. எந்த அலைவரிசையிலும் அது ஒளிபரப்பானதில்லை. அதை எழுத அலமாரி நிறையப் புத்தகம் இருந்த வீடு வேண்டியதில்லை; அந்த அறையில் இருந்த கண் வேண்டும். அந்தக் கண் நம்மிடம் இருக்கிறது. இடைவெளி விடவும் தொடரும் போடவும் பெட்டி கற்றுக்கொடுத்திருக்கிறது. புத்தகம் படிக்க வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். நம் கல்லூரி நூலகத்தில் புதுமைப்பித்தனும் கி.ராஜநாராயணனும் காத்திருக்கிறார்கள். தாமதமாக வந்த விருந்தினர் என்பதற்காக அவர்கள் நமக்கு இலை போட மறுக்க மாட்டார்கள்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒரு மாணவனின் கதையில் தொலைக்காட்சியின் சாயலைக் கண்டால், சிரித்துத் தள்ளிவிடாதீர்கள். "உன் வீட்டில் அந்தப் பெட்டி எங்கே இருந்தது? யார் யார் பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். அடுத்த கதையை அவன் அங்கிருந்து தொடங்குவான்.

தோழர்களே, தோழியரே! அடுத்த ஆண்டு மலருக்கு மாளிகையும் மாடிப்படியும் வேண்டாம். உங்கள் தெருவை எழுதுங்கள். உங்கள் ஆயாவின் வாயை எழுதுங்கள். உங்கள் ஊரின் பதின்மூன்றாவது தாயத்தை எழுதுங்கள். படிக்க நான் முதல் ஆளாகக் காத்திருப்பேன்.